ஐரிஷ் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? சல்லிவனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரிஷ் குடும்பப் பெயரின் பூர்வீகத்தைத் தேடப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வாலைப் பிடித்துத் தொடங்குகிறார்கள். முதலில் பெயருக்கு என்ன பொருள் என்று பார்ப்பார்கள். அடுத்து ஒரு குலச்சின்னம் கிடைக்கும். அதற்கடுத்து ஒரு அரச வம்சம். அங்கிருந்து தங்கள் தாத்தாவுக்குப் பாலம் போட முயல்வார்கள். பாலம் நிற்காது.

நடுவில் ஊர் இல்லாததுதான் காரணம். ஒரே குடும்பப் பெயர் அயர்லாந்தின் நாலைந்து மூலைகளில் தனித்தனியாக முளைத்திருக்கலாம். எந்த மூலை என்று தெரியாமல் வரலாற்றைப் படித்தால் அடுத்த வீட்டுக்காரர் வரலாற்றையும் நம்முடையதாக நினைத்துக்கொள்வோம். எனவே முதலில் ஆள், பிறகு ஊர், அப்புறம்தான் பெயர். இந்த வரிசையில்தான் கீழே போகப்போகிறோம். சல்லிவன் என்ற பெயரை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஆவணமும் குழப்பமும் அதில் இரண்டுமே ஏராளம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களுக்குத் தெரிந்த கடைசி ஐரிஷ் மூதாதையரைப் பற்றி நான்கு விவரங்கள் வேண்டும்: முழுப்பெயர், ஏறக்குறைய பிறந்த ஆண்டு, மதம், கூட இருந்த ஒருவரின் பெயர். அந்த நான்காவது ஆள் மனைவியோ, அண்ணனோ, ஞானத்தந்தையோ யாராக இருந்தாலும் சரி.

நான்காவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கார்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) டேனியல் சல்லிவன் என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். டேனியல் சல்லிவன், மனைவி மேரி ஹாரிங்டன் என்று தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கும். தனிப் பெயரை வைத்து அயர்லாந்தில் ஆளை அடையாளம் காண முடியாது. ஜோடிப் பெயரை வைத்துத்தான் முடியும்.

மதம் ஏன் வேண்டும் என்றால், அரசுப் பதிவு முழுமையாகத் தொடங்கிய 1864-க்கு முந்தைய காலத்தில் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஒரு நோட்டும் வேண்டும். எங்கே தேடினீர்கள், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள், என்ன கிடைக்கவில்லை என்று எழுதி வையுங்கள். கிடைக்காததை எழுதாதவர்கள் அதே தேடலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்.

2. ஊரை வெளிநாட்டு ஆவணத்திலிருந்து பிடியுங்கள்

மூதாதையர் அயர்லாந்தை விட்டுப் போனவர் என்றால், அவர் ஊர்ப் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டு ஆவணத்தில்தான் இருக்கும். அயர்லாந்து ஆவணத்தில் அவர் கூட்டத்தில் ஒருவர். போன இடத்தில்தான் அவரிடம் 'எங்கிருந்து வந்தாய்?' என்று கேட்டு எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவானால் கல்லறைக் கல், இறப்புச் செய்தி, கத்தோலிக்கத் திருமணப் பதிவேடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பாஸ்டனில் வெளிவந்த தி பைலட் வார இதழில் 1831 முதல் 1921 வரை, காணாமல் போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. கவுண்டி, பங்கு (ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), சில சமயம் ஊரே அதில் இருக்கும். நியூயார்க்கின் எமிக்ரண்ட் சேவிங்ஸ் வங்கி, கணக்கு வைத்தவரை அடையாளம் காண அவர் ஊரையும் பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதி வைத்தது. வங்கியின் எச்சரிக்கை நமக்கு லாபம்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையில் நேரம் செலவழிக்காதீர்கள். அங்கிருந்த எழுத்தர்கள் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். போதாததற்கு அந்த நிலையம் திறந்ததே 1892-இல். 1840-களின் பெரும் பஞ்ச காலத்தில் போனவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சென்னைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரிஷ் பெயர் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படையில் ஐரிஷ்காரர்கள் நிறையவே இருந்தார்கள். அந்தப் படையின் வாரிசான ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்தான் 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாலியன் ஆனது. மெட்ராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. ஆனால் அவை சிப்பாயின் ரெஜிமென்ட்டைத்தான் சொல்லும். பிறந்த ஊருக்கு அவர் படையில் சேர்ந்தபோது எழுதப்பட்ட ஆவணத்தைப் பார்க்க வேண்டும். ரெஜிமென்ட் தெரிந்தால்தான் அந்த ஆவணத்தைத் தேட முடியும் என்பதால் தேவாலயப் பதிவு முதலில், ராணுவப் பதிவு இரண்டாவது.

கவுண்டி மட்டும் கிடைத்தால் நிற்காதீர்கள். கார்க் என்பது ஊர் ஆகாது.

3. பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்

தேடுபொறியைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஐரிஷ் மொழியில் 'ஓ சூலவான்' என்று ஒலிக்கும் பெயரை ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சல்லிவன், ஓ'சல்லிவன், சலிவன், சல்லவன், முதலாம் எலிசபெத் காலத்து ஆவணங்களில் 'ஓ ஸ்வில்லிவன்' போன்ற வடிவங்கள் என எல்லாம் ஒரே பெயர்தான்.

'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மக்' என்றால் மகன். இந்த முன்னொட்டுகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பெருமளவில் உதிர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேலிக் (ஐரிஷ்) மொழி இயக்கம் எழுந்த பிறகு பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஒரே மனிதர் பிறப்புப் பதிவில் சல்லிவன், 1911 கணக்கெடுப்பில் ஓ'சல்லிவன் என்று இருப்பது வெகு சாதாரணம். 'நாங்கள் ஓ வைத்த குடும்பம், அவர்கள் வேறு' என்ற பேச்சை நம்பி ஆவணங்களை ஒதுக்காதீர்கள்.

இணையத் தேடலில் ஓ-வுக்குப் பின்னால் வரும் மேற்கோள் குறியும் தொல்லை கொடுக்கும். குறியோடு ஒருமுறை, இடைவெளியோடு ஒருமுறை, ஓ இல்லாமல் ஒருமுறை என மூன்று தரம் தேடுங்கள்.

பெண்களுக்கு முன்னொட்டே மாறும். ஐரிஷ் வடிவத்தில் மகளுக்கு 'நீ', மனைவிக்கு 'ஈ'. கூடவே சகரம் ஹகரமாக மென்மையாகும். அண்ணன் 'ஓ சூலவான்' என்றால் தங்கை 'நீ ஹூலவான்'. ஐரிஷ் மொழியில் பொறித்த கல்லறைக் கல்லில் இதைப் பார்த்துவிட்டு வேறு குடும்பம் என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

முதற்பெயர்களில்தான் பெரிய பொறி. தென்மேற்கு அயர்லாந்தில் ஐரிஷ் முதற்பெயர்களுக்கு ஒலியில் கொஞ்சம் நெருங்கிய, பொருளில் தொடர்பில்லாத ஆங்கிலப் பெயர்களை வழக்கமாகப் போட்டார்கள். டியர்மிட் என்பவர் ஜெரமையா, டார்பி இரண்டும் ஆவார். டைக் என்பவர் திமோத்தி அல்லது தேடி. கொனஹூர் என்பவர் கார்னீலியஸ். ஓவன் என்பவரே பாதிரியார் கையில் யூஜீன். ஃபினீன் என்ற ஆணுக்கு ஃபிளாரன்ஸ் என்று பெயர் வரும். அது பெண் பெயராயிற்றே என்று தள்ளிவிட்டால் ஒரு தலைமுறை போய்விடும். கோப்னட் என்ற பெண் அபிகெயில் அல்லது டெபோராவாக இருப்பாள். இந்த ஜோடிகளை அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

உங்கள் பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலம் உண்டா என்பதையும் இந்தக் கட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். மர்பி என்ற பெயர் வெக்ஸ்ஃபோர்டிலும் கார்க்கிலும் டைரோனிலும் தனித்தனியாகத் தோன்றியது. கேவன் கவுண்டியின் ஸ்மித்துகளில் பலர் 'மக் கவன்' என்ற ஐரிஷ் குடும்பத்தார். மற்ற ஸ்மித்துகள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் ஆட்சி நடந்த நான்கு கவுண்டிகளில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில் இவற்றில் ஒன்றை ஆங்கிலக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1465-இல் சட்டமே போட்டார்கள். வால்ஷ் என்றால் வேல்ஸிலிருந்து வந்தவர். அது நார்மன் படையெடுப்போடு வந்த பெயர். எந்த மூலம் உங்களுடையது என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். சாத்தியங்களை எழுதினால் போதும். முடிவு ஊர் கிடைத்த பிறகுதான்.

4. ஊரை அதன் நிர்வாக அடுக்குகளில் பொருத்துங்கள்

அயர்லாந்தில் முகவரியின் கடைசிப் படி டவுன்லாந்து. சில வீடுகளும் சுற்றியுள்ள வயலும் மேய்ச்சலும் சேர்ந்த சிறு நிலப்பரப்பு அது. நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. லோகானம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் பெயரை இட்டால் ஐரிஷ் வடிவம், ஆங்கில வடிவம், வரைபடம் எல்லாம் வரும்.

ஒவ்வொரு டவுன்லாந்தும் ஒரே நேரத்தில் பல அடுக்குகளில் இருக்கும்: சிவில் பாரிஷ் (அரசு நிர்வாகத்துக்கான சிறு பிரிவு), கத்தோலிக்கப் பங்கு, பேரனி (கவுண்டியின் பழைய உட்பிரிவு), பதிவு மாவட்டம், கவுண்டி. ஒவ்வொரு ஆவணமும் இதில் வேறு வேறு அடுக்கில் அடுக்கப்பட்டிருக்கிறது. நில மதிப்பீட்டுக்கு சிவில் பாரிஷ், ஞானஸ்நானத்துக்குக் கத்தோலிக்கப் பங்கு, பிறப்புப் பதிவுக்குப் பதிவு மாவட்டம். ஐந்தையும் ஒரே வரியில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தென்மேற்கு அயர்லாந்தில் சல்லிவன்கள் நிறைந்த பேரா தீபகற்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி கார்க் கவுண்டி. ஆனால் ஐரிஸ், அலிஹீஸ், காஸில்டவுன்பேர் முதலிய பங்குகள் கெர்ரி மறைமாவட்டத்தைச் (ஒரு ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுதி) சேர்ந்தவை. கார்க் மறைமாவட்டப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வருகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். சிவில் பாரிஷுக்கு ஒரு பெயர், கத்தோலிக்கப் பங்குக்கு வேறு பெயர் என்பதும் உண்டு. ஐரிஸ் பங்கின் டவுன்லாந்துகள் சிவில் கணக்கில் கில்காத்தரின் என்ற பாரிஷில் வரும்.

5. 1911-ஐ முதலில், 1901-ஐ அடுத்துப் பாருங்கள்

இரண்டு கணக்கெடுப்புகளும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாக, மூலப் படிவத்தின் படத்தோடு இருக்கின்றன. மூதாதையர் 1870-லேயே அமெரிக்கா போயிருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். அவருடைய அண்ணன் குடும்பம் அதே நிலத்தில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

1911-இல் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் படிவத்தில் மணமான பெண்களிடம் திருமணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். 27 ஆண்டுகள் என்று எழுதியிருந்தால் 1883 அல்லது 1884-இல் திருமணம். அடுத்த படியில் எந்த ஆண்டைத் தேடுவது என்பது கையில் கிடைத்துவிட்டது. ஒன்பது பிள்ளைகள் பிறந்து ஏழு பேர் இருக்கிறார்கள், வீட்டில் மூவர்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்றால் மீதி நால்வர் எங்கோ போய்விட்டார்கள். அதில் ஒருவர் உங்களவராக இருக்கலாம்.

வயதை நம்பாதீர்கள். 1901-இல் 56 என்றவர் 1911-இல் 70 என்பார். 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கினார்கள். கிராமத்தில் பலருக்குப் பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாது. தெரியாத வயது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வூதியத்தால் இன்னொரு நன்மையும் விளைந்தது. விண்ணப்பித்தவர்களின் வயதைச் சரிபார்க்க அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைத் தேடி, கண்டதைத் தாளில் குறித்தார்கள். மூலக் கணக்கெடுப்புகள் எரிந்து போன பிறகும் அந்தத் தேடல் தாள்கள் மிஞ்சின. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் அவையும் இலவசம். பெற்றோர் பெயரும் டவுன்லாந்தும் அதில் இருக்கும் என்பதால் அப்போது 70 வயதைத் தொட்ட உறவினர் யாராவது இருந்தால் கட்டாயம் தேடுங்கள்.

1901-க்கு முந்தைய கணக்கெடுப்புகளைத் தேடி அலைய வேண்டாம். 1821 முதல் 1851 வரையிலானவை 1922 ஜூன் 30 அன்று, ஆவணக் காப்பகம் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் எரிந்தன, சில துண்டுகள் தவிர. 1861, 1871 தாள்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. 'எல்லாம் தீயில் போயிற்று' என்று தேடலையே கைவிடுகிறவர்களும் உண்டு. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும் பிறப்புப் பதிவுகளும் அந்தத் தீயில் சிக்கவே இல்லை.

6. பிறப்பு, திருமணப் பதிவுகளைச் சங்கிலியாகக் கோருங்கள்

எல்லாப் பிறப்பு, திருமணம், இறப்புகளையும் பதிவது 1864 ஜனவரி 1-இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்களுக்கு மட்டும் 1845 ஏப்ரல் 1 முதலே பதிவு உண்டு. ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகளின் படங்கள் இலவசம். பணம் கட்டும் தளங்களுக்கு முதலிலேயே போகாதீர்கள்.

வரிசை: ஒரு பிறப்பு, பிறகு பெற்றோரின் திருமணம், பிறகு அந்த இருவரின் பிறப்பு.

பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். அதுதான் ஜோடிப் பெயர். திருமணப் பதிவில் இரு தரப்புத் தந்தையர் பெயரும் தொழிலும், மணமக்கள் அப்போது வசித்த டவுன்லாந்தும் இருக்கும். திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடந்ததால் மணமகன் ஊரில் தேடிக் காணாமல் போனால் கவலைப்படாதீர்கள். கிராமப்புறக் கத்தோலிக்கத் திருமணங்கள் தவக்காலத்துக்கு முந்தைய வாரங்களில் குவியும். கையெழுத்து மங்கிய பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டி வந்தால் பிப்ரவரியில் தொடங்குங்கள்.

வயதுக்கான கட்டத்தில் 'முழு வயது' என்று மட்டும் எழுதியிருந்தால் 21 நிரம்பியவர் என்று பொருள். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் கறக்க முடியாது.

பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகத் தெரிந்தால் வேறு குழந்தை என்று முடிவு கட்டாதீர்கள். பதிவுக் கெடு தாண்டினால் அபராதம் என்பதால் தாமதமாகப் போனவர்கள் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். பாதிரியாரின் தேதிதான் நம்பத்தக்கது.

7. பங்குப் பதிவேடுகள்

1864-க்கு முன் போக, கத்தோலிக்கர்களுக்கு இதுதான் வழி. அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் சுமார் 1880 வரையிலான பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. அதில் பெயர்த் தேடல் கிடையாது, பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் புரட்ட வேண்டும். கெர்ரி மறைமாவட்டத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் பெயர் சொல்லியே தேடலாம். அட்டவணையில் கிடைத்தாலும் மூலப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெயர்த்து எழுதியவர் விட்டுவிட்ட ஓரக்குறிப்பு அங்கே இருக்கும்.

பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பெயர்களின் வால்தான் மாறும். 'டானியேலிஸ்' என்றால் டேனியலுடைய பிள்ளை. குடும்பப் பெயரைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

ஞானப்பெற்றோர் பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பங்கில் டேனியல் சல்லிவன், மேரி சல்லிவன் என்று இரண்டு தம்பதிகள் இருப்பது பேராவில் அதிசயமில்லை. இரு குடும்பங்களைப் பிரித்துக் காட்டுவது ஞானப்பெற்றோரும் டவுன்லாந்தும்தான்.

பெயரிடும் வழக்கமும் கைகொடுக்கும். முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் என்பது பரவலான வழக்கம். பிள்ளைகள் எல்லோரையும் பிறந்த வரிசையில் எழுதினால் முந்தைய தலைமுறையின் பெயர் ஓரளவு தெரிந்துவிடும். இது துப்புதான், ஆதாரம் ஆகாது. விதியாக எடுத்துக்கொண்டு குடும்ப மரம் வரைகிறவர்கள் தாத்தாவையே மாற்றிவிடுகிறார்கள்.

மேற்குக் கடற்கரையில் பல பங்குகளின் பதிவேடுகள் 1820-களில்தான் தொடங்குகின்றன. சாதாரணக் குத்தகை விவசாயிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆவணம் அதற்கு முன்னால் கிடைப்பது அபூர்வம். 1300 வரை தடையில்லாமல் நீளும் இணைய மரங்களைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

8. கிரிஃபித் மதிப்பீடு: பெயரையும் நிலத்தையும் கட்டும் முடிச்சு

1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் அயர்லாந்து முழுவதும் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி மதிப்புப் போட்டார்கள். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் அச்சுப் பக்கமும் வரைபடமும் இலவசம். முந்தைய கணக்கெடுப்புகள் அழிந்த நிலையில், பஞ்சத்தை ஒட்டிய காலத்துக்கு வீட்டுக்காரர்களின் நாடளாவிய பட்டியல் இது ஒன்றுதான்.

ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படிப்போம். முதலில் வரைபட எண். அது நம்மூர் சர்வே எண் மாதிரி. வரைபடத்தில் அதே எண்ணைத் தேடினால் நிலம் கண்ணுக்குத் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்து இருந்தால் அந்த நிலத்தில் உள்ள வீடு. அடுத்து குடியிருப்பவர் பெயர், பிறகு அவருக்கு நிலம் விட்டவர் பெயர், பிறகு 'வீடு, தொழுவம், நிலம்' என்ற விவரம். கடைசியாகப் பரப்பும் மதிப்பும். பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று கட்டத்தில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்.

குடியிருப்பவர் பெயரை நிதானமாகப் பாருங்கள். ஒரே டவுன்லாந்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் தந்தை பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். டேனியல் சல்லிவன், பக்கத்தில் 'மைக்கேல்' என்றிருந்தால் மைக்கேலின் மகன் டேனியல். தேடல் முடிவுப் பட்டியலில் இது வராமல் போகலாம். அச்சுப் பக்கத்தின் படத்தைத் திறந்தால்தான் தெரியும்.

பேராவில் சல்லிவன் கிளைகளுக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். பாதி ஊர் சல்லிவன் என்றால் குடும்பப் பெயர் எதையும் பிரித்துக் காட்டாது. அதனால் பட்டப்பெயரே வேலை செய்யும் குடும்பப் பெயராகிவிட்டது. பதிவேட்டிலோ கல்லறையிலோ தொடர்பில்லாத சொல் ஒன்று பெயரோடு ஒட்டியிருந்தால் அதை அழித்துவிடாமல் குறித்து வையுங்கள். 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய கதைத் தொகுப்பு தூகஸ் என்ற நாட்டார் வழக்காற்றுத் தளத்தில் இருக்கிறது. உங்கள் பங்கின் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் படித்தால் இத்தகைய பட்டப்பெயர்களும் அவற்றுக்கான காரணங்களும் அகப்படும்.

இந்தப் பட்டியலில் குடும்பத் தலைவர் மட்டுமே உண்டு. மனைவி, மகன், கூலியாள், கூடத் தங்கியிருந்த தம்பி யாரும் இல்லை. பெயர் இல்லாததால் ஆள் அங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

இதற்கும் முன்னால் 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகங்கள் உண்டு. தசமபாகம் என்பது அயர்லாந்து புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குக் கட்டிய வரி. விவசாய நிலத்துக்கு மட்டுமான பட்டியல் அது, நகரங்கள் வராது. நிலப் பரப்பு பல இடங்களில் ஐரிஷ் ஏக்கரில் இருக்கும். அது சாதாரண ஏக்கரைவிடப் பெரியது, சுமார் 1.62 மடங்கு. கிரிஃபித் பரப்போடு ஒப்பிட்டு 'நிலம் வளர்ந்துவிட்டதே' என்று குழம்ப வேண்டாம்.

9. இப்போது பெயரின் வரலாற்றைத் திறக்கலாம்

உங்கள் குடும்பத்தை 1850-க்குக் கொண்டுபோய் ஒரு டவுன்லாந்தில் நிறுத்திவிட்டீர்கள். இனி, அந்த ஊரில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கலாம்.

முதலில் பரவலைப் பாருங்கள். பின்னாளில் தலைமைப் பதிவாளரான ராபர்ட் மேத்சன் 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு குடும்பப் பெயர்களின் எண்ணிக்கையை மதிப்பிட்டார். மர்பி 62,600 பேர், கெல்லி 55,900 பேர், சல்லிவன் 43,600 பேர், அதாவது மூன்றாம் இடம். மர்பியும் கெல்லியும் நாடெங்கும் சிதறிக் கிடக்க, சல்லிவன்களில் மிகப்பெரும் பங்கு கார்க்கிலும் கெர்ரியிலும் இருந்தது. இப்படி ஒரே பகுதியில் குவிந்திருந்தால் ஒரே மூலம் என்பதற்குச் சாதகம். சிதறியிருந்தால் பல மூலம் இருக்கலாம் என்று எச்சரிக்கை.

அடுத்து, குலத்தின் நகர்வு. ஓ சூலவான்கள் அயர்லாந்தின் தென்மாகாணமான மன்ஸ்டரை ஆண்ட யோகனக்ட் வம்சக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இடம் முதலில் தெற்கு டிப்பரரியில், நாக்கிராஃபன் பக்கம். 1169-இல் தொடங்கிய நார்மன் படையெடுப்புக்குப் பிறகு, 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்மேற்கே தள்ளப்பட்டுக் கெர்ரிக்கும் பேராவுக்கும் வந்தார்கள். கென்மேர் அருகே டன்கெரன் கோட்டையில் ஓ'சல்லிவன் மோர் கிளை, காஸில்டவுன்பேர் அருகே டன்பாய் கோட்டையில் ஓ'சல்லிவன் பேர் கிளை. உங்கள் டவுன்லாந்து எந்தக் கிளையின் ஆட்சிப் பரப்பில் வருகிறது என்பதைத்தான் இங்கே குறிக்க வேண்டும்.

டன்பாய் 1602 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் கேரூவின் படையிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் அந்தக் கிளையின் தலைவர் தோனல் கேம் ஓ'சல்லிவன் பேர் சுமார் ஆயிரம் பேரோடு கிளெங்காரிஃபிலிருந்து வடக்கே லீட்ரிமுக்கு நடந்தார். இரண்டு வார நடையில் பசி, குளிர், வழிநெடுகத் தாக்குதல். லீட்ரிம் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது கூட இருந்தவர்கள் 35 பேர். பிறகு அவர் ஸ்பெயினுக்குப் போய் 1618-இல் மாட்ரிட்டில் கொல்லப்பட்டார்.

இதைப் படித்ததும் எல்லோருக்கும் அவர் பாட்டனாகிவிடுகிறார். குலத்தலைவர் பெயரை வைத்திருந்த சாதாரண உழவர்கள் அப்போதும் ஏராளம். தலைவன் போன பிறகும் நிலத்தில் மிஞ்சியவர்கள் அவர்கள்தான். அலிஹீஸ் செப்புச் சுரங்கங்களில் வேலை செய்து, பிறகு மொன்டானாவின் பியூட் நகரச் சுரங்கங்களுக்குப் போன சல்லிவன்களின் முன்னோர்களை அவர்களிடையே தேடுவதுதான் நியாயம். கோட்டைக் கதை உங்கள் ஊரின் வரலாறு. உங்கள் குடும்பத்தின் வரலாறு என்று எழுத வேண்டுமானால் நடுவில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள் வேண்டும்.

இந்த இடைப்பட்ட காலத்துக்கு உதவுபவை முதலாம் எலிசபெத் காலத்து மன்னிப்பு ஆணைகள். 'ஓவன் மகன் தோனல் ஓ ஸ்வில்லிவன்' என்கிற மாதிரி தந்தை பெயர்ச் சங்கிலியோடு ஆட்கள் வருவார்கள். 1659-இன் 'கணக்கெடுப்பு' என்று சொல்லப்படுவது உண்மையில் தலைவரிக் கணக்கு. பேரனி வாரியாக முக்கியமான ஐரிஷ் குடும்பப் பெயர்களையும் எண்ணிக்கையையும் அது தருகிறது. பெயர் அந்தப் பகுதியில் அப்போதே இருந்ததா என்று பார்க்க இது போதும்.

பொருளைக் கடைசியில் பாருங்கள். 'சூல்' என்றால் ஐரிஷ் மொழியில் கண். சூலவானின் முதல் பாதி அது என்பதில் சண்டையில்லை. இரண்டாம் பாதி கருமை என்கிறார்கள் சிலர், ஒற்றைக்கண் என்கிறார்கள் சிலர். அறிஞர்களே முடிவு செய்யாததை நினைவுப்பொருள் கடைக் குவளை முடிவு செய்திருக்கும். இரு கருத்தையும் எழுதி வைத்துவிட்டு நகருங்கள். இதனால் உங்கள் மரத்தில் ஒரு கிளைகூட அதிகமாகாது.

குலச்சின்னமும் அப்படித்தான். அது ஒரு தனிமனிதருக்கு வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. அயர்லாந்தில் அதற்கென தலைமை ஹெரால்டு அலுவலகம் இருக்கிறது. கடையில் வாங்கிய சின்னத்தைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்குமுன் இதை யோசியுங்கள்.

10. பெயர் ஒன்று என்பதால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள்

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த சல்லிவன் ஒருவர் இருக்கிறார்: கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன். 1788-இல் லண்டனில் பிறந்தவர். அவர் பெயர் ஐரிஷ் பெயர் என்பதால் அவரை நேராக டன்பாய் கோட்டைக்குக் கொண்டுபோக முடியாது. லண்டனில் அவர் தந்தை, தந்தையின் தந்தை என்று படி ஏறித்தான் போக வேண்டும். படி நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் இது பொருந்தும். பெயர் வேறு என்பதால் உறவில்லை என்றும் சொல்லாதீர்கள்.   கணவனை இழந்த பெண் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரோடு திரும்ப வருவதும் உண்டு.

11. டி.என்.ஏ. சோதனை எப்போது?

ஆவணம் தீர்ந்த பிறகு. முன்னதாகச் செய்தால் நூற்றுக்கணக்கான உறவினர் பெயர்கள் வரும், எங்கே பொருத்துவது என்று தெரியாது. டவுன்லாந்து கையில் இருந்தால் அதே டவுன்லாந்துக்காரர் பட்டியலில் வரும்போது உடனே கண்டுகொள்வீர்கள்.

குடும்பப் பெயருக்கு ஒய் குரோமோசோம் சோதனைதான் நேரடியாக உதவும், ஏனென்றால் இரண்டுமே தந்தையிடமிருந்து மகனுக்குப் போகின்றன. அந்தப் பெயரைத் தந்தைவழியில் இப்போதும் சுமக்கும் ஆண் ஒருவர் மாதிரி கொடுக்க வேண்டும். அம்மாவின் தந்தை சல்லிவன் என்றால் உங்கள் மாதிரி பயன்படாது. தாய்மாமனையோ அவர் மகனையோ கேட்க வேண்டும். இருவரில் மாமாவிடம் முதலில் கேளுங்கள். அவருக்குச் சோதனையில் ஆர்வமில்லாவிட்டாலும் நான்காவது விவரத்தை, அந்தக் கூட இருந்தவரின் பெயரை, அவர் சொல்லக்கூடும்.